விசிபி தேர்வு

விசிபி என்பது விஎம்வேர் நிறுவனத்தின் மெய்நிகராக்க மென்பொருளை நிறுவவும் நடத்தவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர் என்று ஒருவருக்கு அந்நிறுவனமே தரும் சான்றிதழ். 'விஎம்வேர் சர்டிஃபைட் புரொஃபஷனல்' என்ற தொடரின் சுருக்கம் இது. தேர்வுக்கும் இதுவே பெயர். தேறியவரையும் 'அவர் விசிபி' என்றே சொல்வார்கள். வலையமைப்பு, மேசைக்கணினி, மேகக்கணிமை என்று பல பிரிவுகள் பின்னாளில் கிளைத்தாலும், தரவு மையச் சர்வர்களைப் பற்றிய டிசிவி பிரிவே மூத்தது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு சர்வரின் செயலி, நினைவகம், வட்டு, வலை இணைப்பு ஆகியவற்றைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினிபோல் நடந்துகொள்ளச் செய்வது மெய்நிகராக்கம். பங்கிடும் மென்பொருள் ஹைப்பர்வைசர். பங்கைப் பெற்று ஓடுவது மெய்நிகர் கணினி, புழக்கத்தில் 'விஎம்'. அவற்றைத் தாங்கும் சர்வர் 'ஹோஸ்ட்'. பல ஹோஸ்டுகள் சேர்ந்தது 'கிளஸ்டர்'. இந்த நான்கு சொற்களும் தெளிவானால் தேர்வின் கேள்வித்தாளைப் பயமில்லாமல் வாசிக்கலாம்.

முன்வரலாறு

தேர்வு கேட்பது இன்றைய மென்பொருளைப் பற்றி என்றாலும், அதன் வேர் 1964இல் இருக்கிறது. மாசசூசெட்சின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் சிபி-40 என்ற அமைப்பைக் கட்டத் தொடங்கினார்கள். அன்று கணினி என்றால் கூடத்தை அடைத்து நிற்கும் பொருள். ஒருவர் வேலை முடியும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி தேடியவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய இயங்குதளத்தை எழுதி, எல்லாரையும் அதற்குள் குடியமர்த்தப் பார்த்தார்கள். கிரீசியின் குழு போன வழி வேறு. பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி கிடைத்ததுபோன்ற தோற்றத்தை உண்டாக்கியது. 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த சிபி-40, மாற்றியமைத்த சிஸ்டம்/360 மாடல் 40 கணினி ஒன்றில் 14 மெய்நிகர் கணினிகளை ஓட்டியது. அடுத்து சிபி-67 வந்தது. 1972 ஆகஸ்ட் 2 அன்று ஐபிஎம் விஎம்/370ஐ அறிவித்தது. அதன் வழித்தோன்றல் ஐபிஎம் பெருங்கணினிகளில் இன்றும் ஓடுகிறது. முழுக் கணினியையே மெய்நிகராக்கும் முறையைக் கண்டுபிடித்த பெருமை இந்தக் குழுவுக்கே உரியது.

ஹைப்பர்வைசர் என்ற சொல்லும் அந்தக் காலத்துச் சொல்தான். இயங்குதளத்தின் மையப்பகுதியை அப்போது சூப்பர்வைசர் என்றார்கள். அதற்கும் மேலே அமர்ந்து அதையே ஆள்வது ஹைப்பர்வைசர் ஆயிற்று.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் எழுதிய கட்டுரை, எந்தச் செயலியை மெய்நிகராக்கலாம், எதை முடியாது என்பதற்குக் கணித வடிவில் விடை தந்தது. அவர்கள் வைத்த நிபந்தனைகள் மூன்று. மெய்நிகர் கணினியில் ஓடும் நிரல், அசல் கணினியில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும். வளங்களின் பிடி முழுவதும் ஹைப்பர்வைசர் கையில் இருக்க வேண்டும். பெரும்பான்மைக் கட்டளைகள் இடையில் யாரும் தலையிடாமல் நேரே செயலியில் ஓட வேண்டும். இவை நிறைவேற, இயந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளை எதுவானாலும், அனுமதி இல்லாத நிரல் அதை இட்டவுடன் செயலி அதைப் பிடித்து மேலிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இன்டெலின் எக்ஸ்86 செயலிகள் இந்த இடத்தில்தான் தவறின. 'பாப்எஃப்' என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். அனுமதி இல்லாத நிரல் அதை இட்டால், குறுக்கீட்டை அனுமதிப்பதா தடுப்பதா என்ற குறியைச் செயலி மாற்றாது. மாற்றவில்லை என்று சொல்லவும் செய்யாது. மௌனமாக அடுத்த கட்டளைக்குப் போய்விடும். பிடிபடாத கட்டளையை ஹைப்பர்வைசர் எப்படிக் கையாளும்? பென்டியத்தில் இப்படிப்பட்ட கட்டளைகள் 17 இருப்பதாக ஜான் ராபின், சிந்தியா இர்வைன் ஆகியோர் 2000இல் பட்டியலிட்டார்கள். எக்ஸ்86ஐ மெய்நிகராக்க முடியாது என்பதே அன்று பலரின் முடிவாக இருந்தது.

அவர்கள் பட்டியல் போட்டபோதே தீர்வு கடைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம், எத்வார் புன்யோன், ஸ்காட் டிவைன் மூவரும் 'டிஸ்கோ' என்ற ஆய்வை 1997இல் வெளியிட்டார்கள். பல செயலிகள் கொண்ட பெரிய கணினிக்கு ஏற்பப் புதிய இயங்குதளம் எழுதுவதைவிட, ஏற்கெனவே உள்ள இயங்குதளத்தின் பல படிகளை அதன்மேல் ஓட்டலாம் என்பது அந்த ஆய்வின் கருத்து. ஐபிஎம் மறக்காமல் காத்துவந்த பழைய யோசனையைப் புதிய தலைமுறை தூசி தட்டி எடுத்தது. மறு ஆண்டே இம்மூவரும் டயன் கிரீன், எட்வர்ட் வாங் ஆகியோரும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் விஎம்வேரைத் தொடங்கினார்கள். 1999 மே மாதம் அவர்களின் முதல் மென்பொருளான வொர்க்ஸ்டேஷன் வெளிவந்தது. பிடிபடாத கட்டளைகளுக்கு அவர்கள் கண்ட மருந்து, இருமக் குறி மொழிபெயர்ப்பு. விருந்தாளி இயங்குதளத்தின் கட்டளைகளை ஓடுவதற்கு முன்பே வாசித்து, வம்பு செய்யும் கட்டளைகளை மட்டும் பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி ஓட்டுவது அது. மற்றவை நேரே செயலிக்குப் போகும். இதை வேகம் அதிகம் குறையாமல் செய்து காட்டியது கணினி வரலாற்றின் அழகான சாதனைகளில் ஒன்று.

2001இல் சர்வர்களுக்கான ஹைப்பர்வைசராக இஎஸ்எக்ஸ் சர்வர் வந்தது. 2003இல் பல ஹோஸ்டுகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விர்ச்சுவல்சென்டரும் (இன்றைய விசென்டர்) அதனுடன் விமோஷனும் வந்தன. ஓடிக்கொண்டிருக்கும் விஎம் ஒன்றை அணைக்காமலேயே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது விமோஷன். முதன்முதலில் அதைக் கண்ணால் பார்த்த சர்வர் நிர்வாகிகள் வாயடைத்து நின்றார்கள். இரவு இரண்டு மணிக்கு வந்து சர்வரை அணைத்து, நினைவகம் மாற்றி, மறுபடி ஏற்றி, விடியுமுன் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த தலைமுறை அது. 2004 ஜனவரியில் ஈஎம்சி நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் செயலிக்குள்ளேயே மெய்நிகராக்க வசதியைப் பொருத்தியபின் மொழிபெயர்ப்பின் தேவை படிப்படியாக மறைந்தது. ஜென், கேவிஎம், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகிய ஹைப்பர்வைசர்களும் இந்தக் காலத்தில் தோன்றியவை.

ஹைப்பர்வைசர்களை இரண்டு வகையாகப் பிரிப்பது கோல்ட்பெர்க் 1973இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் தொடங்கிய வழக்கம். வன்பொருள்மீது நேரே அமர்வது முதல் வகை. வேறொரு இயங்குதளத்தின்மீது சாதாரண நிரல்போல் ஓடுவது இரண்டாம் வகை. இஎஸ்எக்ஸ் முதல் வகை, வொர்க்ஸ்டேஷன் இரண்டாம் வகை. பழைய இஎஸ்எக்ஸில் லினக்ஸ் அடிப்படையிலான சர்வீஸ் கன்சோல் ஒன்று இருந்தது. அது மேலாண்மைக்கானது. ஆளும் கரு விஎம்கெர்னல் என்ற தனிப்படைப்பு. ஆகவே இஎஸ்எக்ஸ் லினக்ஸ் அல்ல. இஎஸ்எக்ஸும் அதன் மேலாண்மை மென்பொருளும் சேர்ந்த தொகுப்பு விஸ்பியர். 2011இல் அதன் 5ஆம் பதிப்பு வந்தபோது அந்தக் கன்சோலும் நீங்கி, மெலிந்த இஎஸ்எக்ஸ்ஐ மட்டும் எஞ்சியது.

தேர்வின் வளர்ச்சி

விசிபி இஎஸ்எக்ஸ் 2 காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதன்பின் மென்பொருளின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஒரு தேர்வு என்று நடைமுறை அமைந்தது. 2009இல் விஸ்பியர் 4, 2011இல் 5, 2015இல் 6, 2020இல் 7, 2022இல் 8. விசிபி 5 தேர்வில் 85 கேள்விகள், 90 நிமிடங்கள். விஸ்பியர் 7க்கான தேர்வில் 70 கேள்விகள், 130 நிமிடங்கள். மதிப்பெண் 100 முதல் 500 வரையிலான அளவுகோலில் தரப்படும்; 300 எடுத்தால் தேர்ச்சி. இது நூற்றுக்கு அறுபது அன்று. எத்தனை கேள்விக்குச் சரியாக விடையளித்தோம் என்பதை அந்த எண்ணிலிருந்து கணக்கிட முடியாது.

மற்றச் சான்றிதழ்களிலிருந்து விசிபியை நெடுங்காலம் பிரித்துக் காட்டியது பயிற்சி வகுப்புக் கட்டாயம். நிறுவனம் ஏற்றுக்கொண்ட வகுப்பு ஒன்றில் அமர்ந்திருந்தால்தான், தேர்வில் தேறினாலும், சான்றிதழ் கைக்கு வரும். நிறுவுதல், அமைத்தல், மேலாண்மை என்னும் ஐந்து நாள் வகுப்பே பெரும்பாலோர் எடுத்தது. தேர்வுக் கட்டணத்தைப்போல் பல மடங்கு அதன் கட்டணம். பத்தாண்டு வேலை அனுபவம் உள்ளவரும் கைக்காசு இல்லாததால் வாசலிலேயே நின்றது இந்த விதியின் விளைவு. வெறும் மனப்பாடத்தால் தேறுவதைத் தடுக்க வந்த விதி என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. ஆனால் அது தடுத்தது மனப்பாடத்தை அல்ல, ஏழைகளை. சென்னையில் இன்ஃப்ரா வேலையில் இரவுப் பணி பார்த்து வெளிநாட்டுத் தரவு மையங்களைக் கட்டிக் காத்த எத்தனையோ பேருக்கு, நிறுவனமே வகுப்புக்கு அனுப்பினால் ஒழிய இந்தச் சான்றிதழ் எட்டாக்கனியாக இருந்தது.

2014இல் இன்னொரு விதி சேர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேறாவிட்டால் சான்றிதழ் காலாவதி என்றார்கள். 2015இல் விசிபி 6 வந்தபோது அடிப்படைத் தேர்வு ஒன்றும் தனியே புகுத்தப்பட்டது. இரண்டாண்டு விதியை 2019இல் விலக்கிக்கொண்டார்கள். சான்றிதழின் பெயரில் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக ஆண்டைச் சேர்க்கும் வழக்கமும் அதை ஒட்டியே வந்தது.

விசிபிக்கு மேலே விகேப், அதற்கும் மேலே விசிடிஎக்ஸ் என்ற சான்றிதழ்கள் உண்டு. கடைசியானது தாளில் எழுதுவதல்ல. தான் வரைந்த தரவு மைய வடிவமைப்பை முழு ஆவணமாகச் சமர்ப்பித்து, நடுவர் குழுவின் முன் நின்று ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லி நிலைநாட்ட வேண்டும்.

பாடப்பரப்பு

தேர்வு திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: வளம் போதாதபோது, அல்லது ஏதோ ஒன்று விழும்போது, அமைப்பு என்ன செய்யும்? எல்லாம் நன்றாக ஓடும்போது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது சிறு பகுதி.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது விமோஷனையும் ஹெச்ஏ என்ற மீட்பு வசதியையும் குழப்பிக்கொள்வதில். விமோஷனுக்கு இரண்டு ஹோஸ்டுகளும் உயிரோடு இருக்க வேண்டும். ஹோஸ்ட் செத்துவிட்டால் அதிலிருந்து எதையும் நகர்த்த முடியாது. அங்கே வேலை ஹெச்ஏவுக்கு: மற்ற ஹோஸ்டுகளில் அந்த விஎம்களை மறுபடி ஏற்றும். விஎம் இடையில் அணைந்து எழுந்திருக்கும் என்பதே இதன் பொருள். அணையாமலே தப்ப வேண்டுமானால் ஃபால்ட் டாலரன்ஸ். சுமையைச் சமன் செய்வது டிஆர்எஸ். கேள்வியில் 'ஹோஸ்ட் செயலிழந்தது' என்ற சொற்கள் வந்தால் விமோஷன் உள்ள விடைகளை முதலில் அடித்துவிடலாம்.

ஹெச்ஏவின் இருப்புக் கணக்கு இன்னொரு பொறி. ஒத்த அளவுள்ள நான்கு ஹோஸ்டுகளில் ஒன்று விழுந்தாலும் தாங்க வேண்டுமானால், கிளஸ்டரின் 25 சதவீதத்தை ஒதுக்க வேண்டும். இது எளிது. 'ஸ்லாட்' முறையில்தான் சிக்கல். கிளஸ்டரில் உள்ளவற்றுள் மிகப் பெரிய ஒதுக்கீடு எதுவோ அதுவே ஒரு ஸ்லாட்டின் அளவாகிவிடும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் 64 ஜிபி நினைவகம், எல்லா விஎம்முக்கும் 2 ஜிபி ஒதுக்கீடு என்றால், கூடுதல் செலவைத் தள்ளி வைத்துப் பார்த்தால், ஹோஸ்டுக்கு 32 ஸ்லாட். ஒரே ஒரு விஎம்முக்கு யாரோ 16 ஜிபி ஒதுக்கிவிட்டால் ஸ்லாட் 16 ஜிபியாக வீங்கி, ஹோஸ்டுக்கு நான்குதான் மிஞ்சும். நினைவகம் காலியாகக் கிடக்கும், புதிய விஎம் எழும்பாது. தரவு மையத்தில் இப்படி மாட்டிக்கொண்டு விழித்தவர் இந்தக் கேள்வியை வாழ்நாளில் தவறவிட மாட்டார்.

ஒதுக்கீடு, வரம்பு, பங்கு என்ற மூன்றின் வேறுபாடும் அப்படித்தான். ஒதுக்கீடு என்பது விஎம்முக்கு உறுதியாகப் பிடித்து வைத்த அளவு. பங்கு என்பது போட்டி வந்தால் மட்டும் பேசும். ஹோஸ்ட் காலியாக இருக்கும்போது அதிகப் பங்கு உள்ள விஎம்முக்கு எந்த ஆதாயமும் இல்லை. வரம்பு எப்போதும் பேசும். 8 ஜிபி உள்ள விஎம்முக்கு 4 ஜிபி வரம்பு வைத்தால், ஹோஸ்டில் எவ்வளவு நினைவகம் சும்மா கிடந்தாலும் அந்த விஎம் மூச்சுத் திணறும். நினைவகம் தீரும்போது ஹைப்பர்வைசர் எடுக்கும் படிகளும் வரிசையாகத் தெரிய வேண்டும்: ஒரே மாதிரியான பக்கங்களைப் பகிர்தல், விஎம்முக்குள் பலூனை ஊதிப் பக்கங்களை விடுவித்தல், சுருக்குதல், கடைசியாக வட்டுக்குத் தள்ளுதல். இதில் விஎம்களுக்கு இடையேயான பக்கப் பகிர்வு, பாதுகாப்புக் காரணத்தால் 2014இன் இறுதியில் இயல்புநிலையில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய நூலை வைத்துப் படிப்பவர் இங்கே தவறான விடையைத் தன்னம்பிக்கையோடு எழுதுவார்.

ஸ்னாப்ஷாட் காப்புப்படி அல்ல என்பதும் அடிக்கடி சோதிக்கப்படும். மூல வட்டு போனால் ஸ்னாப்ஷாட்டும் போயிற்று. ஒன்றை 72 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் அறிவுரை. அனுமதி விதிகளில், ஒரே பொருளின்மீது குழுவுக்கு ஓர் அனுமதியும் தனியாளுக்கு வேறோர் அனுமதியும் இருந்தால் தனியாளுக்கு உரியதே செல்லும். பழைய தேர்வுகளில் உச்ச வரம்பு எண்களை மனப்பாடம் செய்வது பெரும் பாடாக இருந்தது. ஒரு விஎம்முக்கு விஸ்பியர் 5இல் 32 மெய்நிகர் செயலி, 5.5இல் 64, 6இல் 128 என்று அவை மாறிக்கொண்டே வந்தன. சேமிப்பகம், வலையமைப்பு, ஹோஸ்டுகளின் வட்டுகளைச் சேர்த்துப் பொதுச் சேமிப்பகமாக்கும் விசான் ஆகியவையும் பாடத்தில் உண்டு.

ஆயத்தம்

படிப்பின் முதுகெலும்பு தேர்வுக் குறிப்பேடு. எந்தப் பதிப்பு, எந்தெந்தத் தலைப்பு என்று நிறுவனமே வெளியிடும் ஆவணம் அது. அதைத் தாளில் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'செய்திருக்கிறேன்', 'வாசித்திருக்கிறேன்', 'தெரியாது' என்று குறித்துக்கொள்பவர் பாதிக் கிணறு தாண்டியவர். 'வாசித்திருக்கிறேன்' என்ற குறியே தேர்வில் காலை வாரிவிடும்.

நூல்களில் ஸ்காட் லோ தொடங்கிப் பிறர் தொடர்ந்த 'மாஸ்டரிங் விஎம்வேர் விஸ்பியர்' வரிசை, பாடத்தை முதலிலிருந்து கட்டித் தரும். ஹெச்ஏ, டிஆர்எஸ் இரண்டின் உள்வேலைக்கு டங்கன் எப்பிங், ஃபிராங்க் டென்னமன் எழுதிய 'டீப்டைவ்' நூல்களுக்கு ஈடு இல்லை. ஹோஸ்ட் ஒன்று மௌனமானதும் மூன்றாவது நொடியில் என்ன, பத்தாவது நொடியில் என்ன, பதினைந்தாவது நொடியில் என்ன என்று அவர்கள் பிரித்துக் காட்டுவதைப் படித்தவருக்கு ஹெச்ஏ புதிராக இராது.

ஆனால் நூலைவிட வீட்டு லேப் பெரிது. அதற்கு அடுக்குச் சர்வர் வேண்டியதில்லை. நினைவகம் தாராளமாக உள்ள ஒரு கணினியில் வொர்க்ஸ்டேஷனை நிறுவி, அதற்குள் இஎஸ்எக்ஸ்ஐயையே விஎம்மாக ஓட்டலாம். அடுக்கு மெய்நிகராக்கம் என்று இதற்குப் பெயர். விஸ்பியர் 8க்கு ஒவ்வொரு இஎஸ்எக்ஸ்ஐக்கும் குறைந்தது 8 ஜிபி, மிகச் சிறிய விசென்டருக்கு 14 ஜிபி கேட்கும். மூன்று ஹோஸ்டும் ஒரு விசென்டரும் ஓட 64 ஜிபி இருந்தால் நிம்மதி. மதிப்பீட்டு உரிமம் 60 நாள் வரும். படிப்பதற்கு அந்தக் கெடுவே போதும், சொல்லப்போனால் அந்தக் கெடு நல்லது. கணினி வாங்க முடியாதவர்களுக்கு விஎம்வேரின் ஹேண்ட்ஸ்-ஆன் லேப்ஸ் பிரௌசரிலேயே பயிற்சிக் களம் தருகிறது.

லேப்பை நிறுவி முடித்ததும் படிப்பு முடிந்ததாக நினைப்பவர் பலர். அங்கேதான் அது தொடங்குகிறது. விஎம்கள் ஓடும்போதே ஒரு ஹோஸ்டின் மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். மேலாண்மை வலையை மட்டும் அறுத்துப் பார்க்க வேண்டும். ஹோஸ்ட் சாகவில்லை, தனித்துவிட்டது என்பதைக் கிளஸ்டர் எப்படி உணர்கிறது என்று கவனிக்க வேண்டும். விஎம்களின் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரை வேண்டுமென்றே நிரப்ப வேண்டும். மேலாண்மைப் போர்ட்டின் விலான் எண்ணைத் தவறாக மாற்றி, தன்னையே வெளியே பூட்டிக்கொண்டு, மறுபடி உள்ளே போகும் வழியைத் தேட வேண்டும். உடைத்துச் சரிசெய்தவருக்கு நான்கு விடைகளில் மூன்று பொய் என்பது தானாகத் தெரியும்.

திருடப்பட்ட கேள்விகளைத் தொகுத்து விற்கும் 'டம்ப்' சந்தை இந்தத் தேர்வையும் பீடித்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவது தேர்வர் ஏற்கும் ஒப்பந்தத்துக்கே விரோதம். பிடிபட்டால் சான்றிதழ் போகும். அவற்றில் தவறான விடைகளும் மலிந்துள்ளன. இதைவிடப் பெரிய கேடு வேறு: நள்ளிரவில் ஒரு மருத்துவமனையின் கிளஸ்டர் விழும்போது அந்தச் சான்றிதழை நம்பி ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

தேர்வு நாள்

தேர்வைப் பியர்சன் வியூ மையங்கள் நடத்துகின்றன. கைபேசி, கடிகாரம், பணப்பை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டப்படும். எழுதிப் பார்க்க அழிக்கக்கூடிய அட்டையும் பேனாவும் தருவார்கள். வீட்டிலிருந்து கேமரா கண்காணிப்பில் எழுதும் முறையும் உண்டு. 'இரண்டைத் தேர்க', 'மூன்றைத் தேர்க' என்ற கேள்விகள் நிறைய வரும். எண்ணிக்கையைக் கவனிக்காமல் போவது வீண் இழப்பு. சந்தேகமானவற்றைக் குறியிட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம். முதல் சுற்றில் கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குமேல் தராமல் ஓடுவது நல்லது. முடிவு திரையிலேயே தெரிந்துவிடும். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி எழுதலாம். தாளில் எந்தப் பகுதியில் குறை என்று குறித்திருக்கும். அந்த ஏழு நாளுக்கான பாடத்திட்டம் அதுதான்.

இன்றைய நிலை

பிராட்காம் 2023 நவம்பர் 22 அன்று விஎம்வேரை வாங்கி முடித்தது. நிரந்தர உரிம விற்பனை நின்றது. 2024இல் பயிற்சி வகுப்புக் கட்டாயம் நீங்கியது, வொர்க்ஸ்டேஷன் இலவசமானது. தேர்வுகள் விஎம்வேரின் தொகுப்பான கிளவுட் ஃபவுண்டேஷனை மையமாக வைத்துத் திருத்தப்பட்டன. அதன் 9ஆம் பதிப்பு 2025 ஜூனில் வெளிவந்தது.